எட்டுப் பீஸ் லாட்டுக்கு எதை வைத்து வரைபடம் போடுவது?

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் உள்ள ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் தரக் கட்டுப்பாட்டைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பம்ப், கியர் பாக்ஸ், நூற்பாலை இயந்திர உதிரிகள் என்று பல இடங்களிலிருந்து எங்களுக்கு டிராயிங் வருகிறது. ஆனால் எந்த டிராயிங்குக்கும் ஒரே நேரத்தில் ஐந்து, ஆறு, எட்டு பீஸுக்கு மேல் ஆர்டர் வருவது அரிது. திங்கட்கிழமை காலையில் இயந்திரத்தில் ஏறிய பாகம் அன்று மாலையே முடிந்துவிடும். அது மறுபடி எப்போது வரும் என்பது ஆர்டர் கொடுத்தவருக்கே தெரியாது.

படிக்கிற காலத்தில் எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட புள்ளியியல் தரக் கட்டுப்பாடு இந்த உலகத்துக்கானதன்று. ஐந்து பீஸ் கொண்ட ஒரு குழு, அதுபோல இருபத்தைந்து குழுக்கள், ஆக 125 அளவுகள் சேர்ந்த பிறகே கட்டுப்பாட்டு எல்லையை, அதாவது செயல்முறை இயல்பாக ஓடும்போது புள்ளிகள் தாண்டாத மேல், கீழ்க் கோடுகளை, கணக்கிட வேண்டும் என்பது பாடம். எங்களிடம் வரும் பாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 125 பீஸ் சேர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டு வரைபடத் தாள் (அளவுகளை வந்த வரிசையில் புள்ளிகளாகக் குறிக்கும் தாள்) அச்சடித்து டர்னிங் சென்டரின் பக்கத்தில் தொங்கவிட்டேன். அந்த இயந்திரத்தை என்னைவிட அதிக ஆண்டுகள் ஓட்டிவரும் மூத்த ஆபரேட்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எட்டுப் பீஸுக்குப் போய் என்னங்க தம்பி சார்ட்டு? கோடு போடறதுக்குள்ள லாட்டே முடிஞ்சிருமுங்க" என்றார். நான் கொடுத்த தாளைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுக்கச் சரி. தவறு வரைபடத்தில் இல்லை, நான் எதை அதில் குறிக்கச் சொன்னேன் என்பதில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்தப் புரிதலைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

கட்டுப்பாட்டு வரைபடம் பிறந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் ஏன் வந்தது என்று தெரியும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16 அன்று தம் மேலாளருக்கு அனுப்பிய குறிப்பில்தான் முதல் கட்டுப்பாட்டு வரைபடம் இருந்தது. தொலைபேசிக் கருவிகளும் அவற்றின் பாகங்களும் குவியல் குவியலாகத் தயாரான தொழிற்சாலைகள் அந்த நிறுவனத்துடையவை. அங்கே ஒரே பாகம் நாள் முழுவதும் ஓடியது. பாகத்துக்கு வரைபடம் போடுவதும் செயல்முறைக்கு வரைபடம் போடுவதும் அங்கே ஒன்றாகவே தோன்றியிருக்கும். பிரித்துப் பார்க்கத் தேவையே எழவில்லை.

சிறு எண்ணிக்கையை வைத்து என்ன சொல்ல முடியும் என்ற கேள்வியோ அதைவிடப் பழையது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், கையில் இருக்கும் ஒருசில சோதனை முடிவுகளை மட்டும் வைத்து எவ்வளவு நம்பிக்கையோடு பேசலாம் என்று கணக்கிட்டு, 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். தரவு குறைவாக இருந்தால் புள்ளியியல் செல்லாது என்று பட்டறைகளில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். தரவு குறைவாக இருக்கும் இடத்தில்தான் கணக்கு அதிகமாகத் தேவைப்படுகிறது. ஷூஹார்ட் 1947-48-ல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸின் அழைப்பின் பேரில் இந்தியா வந்தார்; அந்த நிறுவனம் பின்னர் பல நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று எங்கள் ஊரிலும் இருக்கிறது.

எட்டே பீஸ்தானே, எல்லாவற்றையும் அளந்துவிட்டால் போயிற்று என்பார்கள். நாங்களும் எல்லாவற்றையும் அளக்கத்தான் செய்கிறோம். ஆனால் அளவு என்பது உலோகம் போன பிறகு வருகிற செய்தி. துளை பெரிதாகிவிட்டால் அதைச் சிறிதாக்க வழியில்லை. வார்ப்பில் உபரியும் இருக்காது; எட்டுப் பீஸ் ஆர்டருக்கு ஒன்பது வார்ப்பு வந்தால் அதுவே பெரிது. ஒன்று கெட்டால் ஃபவுண்டரியில் அந்த அச்சு மறுபடி ஏறும் நாள் வரை மொத்த ஆர்டரும் காத்திருக்கும். எண்ணிக்கை குறைவாக உள்ள இடத்தில் ஒரு பீஸின் விலை மிக அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து 20 பீஸ் நன்றாக வந்தது, ஆகவே செயல்முறை நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 20-ல் ஒன்றுகூடக் கெடவில்லை என்பதை மட்டும் வைத்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மையான குறைபாட்டு விகிதம் சுமார் 14 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்பதுதான். நல்லது, கெட்டது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் சிறு லாட்டுகள் நமக்கு எதையும் சொல்லப்போவதில்லை. துளை 47.014 வந்ததா 47.023 வந்ததா என்ற எண்ணில்தான் செய்தி இருக்கிறது. இரண்டுமே 'ஓகே' என்று எழுதிவிட்டால் அந்தச் செய்தி அங்கேயே அழிந்துபோகிறது. துளை சரியா இல்லையா என்று மட்டும் சொல்லும் கோ, நோ-கோ பிளக் கேஜை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு, அளவை எண்ணாகக் காட்டும் டயல் போர் கேஜைக் கொடுத்ததுதான் நான் செய்த முதல் மாற்றம்.

எங்கள் பட்டறையில் பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் பேரிங் உட்காரும் துளைகளை முடிக்கும் இயந்திரம் அதேதான், போரிங் பார் அதேதான், வெட்டும் முனையான இன்சர்ட்டின் ரகம் அதேதான், பாகத்தைப் பிடிக்கும் சக் அதேதான், அளக்கும் கேஜ் அதேதான், பெரும்பாலும் ஆளும் அவரேதான். ஒரு வாரத்தில் நான்கு வேறு டிராயிங்குகள் ஓடினாலும், துளை முடிக்கும் அந்தச் செயல்முறை ஒன்றே. ஆகவே வரைபடத்துக்குப் பாகத்தின் எண்ணைப் பெயராக வைக்காமல், 'வார்ப்பிரும்பில் பேரிங் துளை, மூன்றாம் நம்பர் இயந்திரம்' என்று வைத்தேன். தாளில் குறிப்பது துளையின் அளவை அன்று; குறித்த இலக்கிலிருந்து அது எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்பதை. வேறுவேறு விட்டமுள்ள துளைகள் ஒரே தாளில் உட்கார இந்த ஒரு கழித்தல் போதும்.

நான் முதலில் போட்ட தாளையே காட்டுகிறேன். 6204 பேரிங்குக்கான 47 மில்லிமீட்டர் துளை ஆறு பீஸ், 6206-க்கான 62 மில்லிமீட்டர் ஐந்து பீஸ், 6205-க்கான 52 மில்லிமீட்டர் ஏழு பீஸ். மூன்றும் எச் 7 என்ற தர அளவுப் பொருத்தம். 47-க்கு டாலரன்ஸ், அதாவது டிராயிங் அனுமதிக்கும் விலகல், 0 முதல் 25 மைக்ரான், மற்ற இரண்டுக்கும் 0 முதல் 30 மைக்ரான். நடுவில் இலக்கு வைத்தோம்: 47.012, 62.015, 52.015. இலக்கிலிருந்து விலகல், மைக்ரானில், பீஸ் வந்த வரிசையில்:

முதல் லாட்: +3, +1, +4, 0, +2, −1.
இரண்டாம் லாட்: −2, +1, +3, 0, +2.
மூன்றாம் லாட்: +1, −3, 0, +2, −1, +3, +1.

ஒவ்வொரு அளவுக்கும் அதற்கு முந்தையதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சராசரி காண வேண்டும்; இதை நகரும் வீச்சு என்பார்கள். இதில் நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: ஒரு லாட்டின் கடைசிப் பீஸுக்கும் அடுத்த லாட்டின் முதல் பீஸுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைச் சேர்ப்பதில்லை. இடையில் சக்கின் பிடியான ஜா மாறியிருக்கிறது, வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட் மாறியிருக்கிறது. அந்தத் தாவல் செட்டிங்கின் தரத்தைச் சொல்கிறதே தவிர வெட்டும் செயல்முறையின் இயல்பைச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் 15 வித்தியாசங்கள், கூட்டுத்தொகை 42, சராசரி 2.8 மைக்ரான். இதை, இந்த வகை வரைபடத்துக்கான நிலை எண்ணான 2.66-ஆல் பெருக்கினால் 7.4. பதினெட்டு விலகல்களின் சராசரி 0.9. ஆகவே கட்டுப்பாட்டு எல்லைகள் மேலே +8.3, கீழே −6.5. நான்கு செயல் கணிப்பான் போதும்.

பதினெட்டுப் புள்ளிகளில் வந்த எல்லை உறுதியானதன்று. அதனால் அதைப் பென்சிலால்தான் வரைந்தேன், ஒவ்வொரு இருபது புள்ளிக்கும் திருத்தினேன். ஆனால் உறுதியில்லாத எல்லைக்கும் எல்லையே இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு நான்காவது லாட்டிலேயே தெரிந்துவிட்டது.

நான்காவது 6207 பேரிங்குக்கான 72 மில்லிமீட்டர் துளை, ஐந்து பீஸ். விலகல்கள் +2, +5, +6, +8, +10 என்று ஏறின. டாலரன்ஸின் மேல் எல்லை இலக்கிலிருந்து +15. ஆகவே ஐந்தும் டிராயிங்குக்கு உட்பட்டவை. ஐந்து பீஸை மட்டும் தனியாகப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முந்தைய மூன்று லாட்டுகள் வரைந்து வைத்த கோட்டை ஐந்தாவது புள்ளி தாண்டியிருந்தது. இன்சர்ட் தேய்ந்தால் துளை சிறிதாகத்தான் வேண்டும், பெரிதாகக் கூடாது. ஆகவே தேய்மானம் இல்லை. ஆஃப்செட்டில் 10 மைக்ரான் குறைத்துவிடலாம் என்று கை போனபோது, மூத்த ஆபரேட்டர் கடைசிப் பீஸைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்குதுங்க தம்பி" என்றார்.

வார்ப்பிரும்புத் துகள் கூலன்ட் தொட்டியில் சேறாகப் படிந்து குழாயின் வாயை அடைத்திருந்தது. கூலன்ட் நூலாக ஒழுகியதே தவிர வெட்டும் இடத்தில் விழவில்லை. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 11 மைக்ரான் விரியும். 72 மில்லிமீட்டர் துளை, கேஜைச் சரிபார்க்கும் வளையமான செட்டிங் ரிங்கைவிடப் பத்து டிகிரி சூடாக இருந்தால் கேஜ் சுமார் 8 மைக்ரான் கூட்டிக் காட்டும். பீஸ்களைக் கிரானைட் மேசையில் ரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அளந்தோம். ஐந்தாவது பீஸ் +2 காட்டியது. ஆஃப்செட்டைக் குறைத்திருந்தால் அடுத்த பீஸ் குளிர்ந்த பிறகு −8-ல் நின்றிருக்கும். அங்கிருந்து செயல்முறையின் இயல்பான மாறுபாடு 7.4-ஐக் கழித்தால் டாலரன்ஸின் கீழ் எல்லையான −15-ஐத் தாண்டிவிடும். டிராயிங்குக்கு உட்பட்ட ஐந்து பீஸைப் பார்த்து, நல்ல எண்ணத்தோடு செய்கிற ஒரு திருத்தம், வாடிக்கையாளரின் அசெம்பிளியில் பேரிங் உள்ளே போகாமல் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.

அன்றிலிருந்து அந்தத் தாளை அவரே நிரப்புகிறார்.

திருத்தம் என்று சொன்னதால் சிறு லாட்டின் உண்மையான தலைவலியான செட்டிங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் பீஸ் ஓடும் இடத்தில் முதல் நான்கு பீஸ் செட்டிங்கில் போனால் அது கணக்கிலேயே வராது. எங்களுக்கு நான்கு பீஸ் என்றால் லாட்டில் பாதி. இங்கே இரண்டு தவறுகளுக்கு இடமிருக்கிறது. முதல் பீஸ் விலகியிருந்தும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஒன்று. ஒவ்வொரு பீஸையும் அளந்து, அது விலகிய அளவு முழுவதையும் ஒவ்வொரு முறையும் ஆஃப்செட்டில் திருத்திக்கொண்டே போவது மற்றொன்று. இரண்டாவது, பொறுப்பான வேலைபோலத் தோன்றும். ஆனால் செயல்முறையின் தற்செயல் ஆட்டத்தையெல்லாம் நாம் துரத்திக்கொண்டிருப்பதால் மாறுபாட்டின் வர்க்கம் இரண்டு மடங்காகும், அதாவது பரவல் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். இயந்திரத்தைத் தொடாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் தரம்கூட வராது.

இதற்குப் புள்ளியியலாளர் ஃபிராங்க் கிரப்ஸ் 1954-ல் ஒரு வழி சொன்னார். செட்டிங் முடிந்து வரும் முதல் பீஸ் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை முழுதாகத் திருத்துங்கள், இரண்டாவது பீஸின் விலகலில் பாதியை மட்டும் திருத்துங்கள், மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு, நான்காவதில் கால். முதல் பீஸ் +9 என்றால் 9 குறைக்க வேண்டும். இரண்டாவது −4 என்றால் 2 கூட்ட வேண்டும். மூன்றாவது +3 என்றால் 1 குறைக்க வேண்டும். இப்படிச் செய்வது, அதுவரை வந்த எல்லாப் பீஸ்களின் சராசரியையும் வைத்துத் திருத்துவதற்குச் சமம். செட்டிங்கைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது ஒரு பீஸ் சொல்வதை முழுதாக நம்புகிறோம். தெரிவது கூடக்கூட, புதிதாக வரும் ஒரு பீஸுக்குக் கொடுக்கும் எடையைக் குறைத்துக்கொண்டே போகிறோம். நான்குக்குப் பிறகு வரைபட எல்லையைத் தாண்டினால் ஒழிய ஆஃப்செட்டைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. இதை நான் தாளில் எழுதிக் காட்டியபோது மூத்தவர் வியப்படையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவதைக் குறைத்துக்கொள்வதுதான் கையின் பழக்கம் என்றார். கணக்குப் போடாமல் அனுபவத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

முதல் திருத்தத்துக்கு ஒரு பீஸைப் பலிகொடுக்கவும் தேவையில்லை. முதல் பீஸின் துளையில் 0.3 மில்லிமீட்டர் விட்டுவைத்து, கடைசி வெட்டில் எவ்வளவு ஆழம் எடுப்போமோ அதே ஆழத்தில், அதே ஃபீடில் ஒரு வெட்டு எடுத்து அளக்கிறோம். ஆழம் மாறினால் போரிங் பார் வளையும் அளவு மாறும். அப்போது அந்த அளவு நமக்கு உதவாது. இதைப் பல இடங்களில் கவனிப்பதில்லை.

பிரி-கன்ட்ரோல் என்ற முறை சிறு லாட்டுக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கப்படுவதுண்டு. டாலரன்ஸின் நடுப் பாதியைப் பச்சை என்றும் இருபுறக் கால்பங்குகளை மஞ்சள் என்றும் பிரித்து, தொடர்ந்து ஐந்து பச்சை வந்த பிறகே ஓட்டத்தைத் தொடங்கச் சொல்லும் முறை அது. எட்டுப் பீஸில் ஐந்து தொடக்க அனுமதிக்கே போய்விடும் என்பதோடு, அதன் கோடுகள் டிராயிங்கிலிருந்து வருகின்றனவே அன்றி இயந்திரத்தின் நடத்தையிலிருந்து வருவதில்லை. அந்த ஐந்து சூடான பீஸ்களில் +10 மஞ்சள்தான், +8 சற்றே மஞ்சள். அதன் விதிப்படி ஆஃப்செட்டைத் திருத்தச் சொல்லியிருக்கும்.

எல்லாத் துளைகளையும் ஒரே தாளில் சேர்க்கலாமா என்றால், கூடாது. விலகலைக் குறிக்கும் இந்த முறை, சேர்க்கப்படும் பாகங்களின் பரவல் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போதுதான் செல்லும். நீண்ட போரிங் பார் தேவைப்படும் ஆழமான துளைகளை நான் முதலில் அறியாமல் அதே தாளில் சேர்த்தேன். அவற்றின் நகரும் வீச்சு மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. விளைவு, ஆழமான துளைகள் வீண் எச்சரிக்கை கொடுத்தன. அவற்றால் அகன்றுபோன எல்லைகளுக்குள் மற்றவை எதையும் சொல்லாமல் இருந்துவிட்டன. இப்போது அவை தனிக் குடும்பம். அப்படிப் பிரிக்கவும் தரவு போதாத இடத்தில், விலகலை அந்தந்தப் பாகத்துக்குரிய திட்ட விலக்கத்தால் வகுத்து, +3, −3 என்ற பொது எல்லைகளுக்குள் குறிக்கலாம். கணக்கு கூடுதல் என்பதால் இதை நான் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறேன். தாளை நிரப்புகிறவர் தலைக்குள் போட முடியாத கணக்கு, வேலை நெருக்கடியில் முதலில் கைவிடப்படும்.

வாடிக்கையாளர்கள் சிலர் பத்துப் பீஸ் ஆர்டருக்கு சிபிகே (டாலரன்ஸுக்குள் செயல்முறை எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்று சொல்லும் எண்) 1.33 கேட்கிறார்கள். வாகனத் துறையில் ஒரு பாகத்துக்கு ஒப்புதல் பெறும்போது 300 பீஸ் ஓட்டத்தில் பார்க்கிற எண்ணை, அப்படியே படிவத்தோடு சேர்த்து இங்கே இறக்கிவிடுகிறார்கள். பத்துப் பீஸை அளந்து 1.33 என்று கணக்கு வந்தால், 95 சதவீத நம்பிக்கையில் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 0.7-லிருந்து 2.0 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கேட்டதற்காக ஒரு எண்ணை எழுதி அனுப்புவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் தரப் பொறியாளரிடம் அந்தப் பத்துப் பீஸின் அளவுகளோடு, அவர் பாகம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பத்தின் கடைசி 60 புள்ளிகள் கொண்ட வரைபடத்தையும் அனுப்பி, இதுதான் உங்கள் துளையை முடித்த செயல்முறை என்று எழுதினேன். அவர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி சிபிகே பற்றியதன்று. 72 மில்லிமீட்டர் லாட்டில் ஏறியிருந்த அந்த ஐந்து புள்ளிகளைப் பற்றியது. அதன் பிறகு அவர் சிபிகே கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் வார்ப்பிரும்புத் தாளின் சராசரி நகரும் வீச்சு 2.8-லிருந்து 2.3-க்கு வந்தது. லாட்டுக்கு லாட் வெவ்வேறு அழுத்தத்தில் சக்கை இறுக்கிக்கொண்டிருந்தோம் என்பதும், மெல்லிய சுவருள்ள பாகங்கள் அதனால் நெளிந்து, கழற்றியதும் துளை வட்டம் தப்பியது என்பதும் புள்ளிகளின் பக்கத்தில் அவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் தெரிந்தன. எல்லைகள் இப்போது சராசரிக்கு இருபுறமும் 6.1 மைக்ரான், அவற்றைப் பேனாவால் வரைந்திருக்கிறோம்.

அலுமினியத்துக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. ஒரு டிகிரிக்கு வார்ப்பிரும்பைப்போல் இரு மடங்கு விரியும் உலோகம் என்பதால் அதற்குத் தனித் தாள், அளக்கும் முன் கட்டாயக் காத்திருப்பு. இதுவரை மூன்று லாட்டுகளில் 11 புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன, கோடுகள் பென்சிலில் இருக்கின்றன. வியாழக்கிழமை 6205-க்கான நான்கு பீஸ் வருகிறது.